ஊழியத்தில் உள்ளம் வற்றாமல் இருக்க: போதகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழையில் ஓர் அடக்க ஆராதனை. இறந்தவர், வாரம் தவறாமல் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து குருமனைத் (போதகர் வீட்டுத்) திண்ணையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிற ஓர் அம்மா. என்னைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தவர். கல்லறைத் தோட்டத்தில் குடைக்கு அடியில் நின்று ஈர மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டேன். வாய் முறைமைப்படி வாசித்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. நாலு மணிக்கு வீட்டு ஜெபம், ஏழு மணிக்குக் கமிட்டி என்று கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அன்று இரவுதான் எனக்குப் பயம் வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறே, "இனி திங்கட்கிழமை எனக்கு ஓய்வு" என்று பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்தேன். மூன்று திங்கள்கூடத் தாண்டவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில், கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கமும் நாகர்கோவில் பக்கமும் இளம் போதகர்கள் பலரோடு உட்கார்ந்து பேசியபோது ஒன்று தெரிந்தது. எல்லாரும் நான் தொடங்கிய இடத்திலேயே தொடங்குகிறார்கள், அங்கேயே விழுகிறார்கள். செய்ய வேண்டியது எல்லாருக்கும் தெரிகிறது, வரிசைதான் தவறுகிறது. ஓய்வுநாள் அறிவிப்பு இந்த வழிகாட்டியில் ஆறாம் படியில்தான் வருகிறது. அதற்கு முன்னுள்ள ஐந்தையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சாகலாம் போலிருக்கிறது, காணாமல் போய்விடலாம் போலிருக்கிறது என்ற எண்ணம் வருகிறவர் மற்றதை விட்டுவிட்டு நேரே இரண்டாம் படிக்குப் போங்கள். இன்றைக்கே.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. சட்டைப் பையில் அடங்குகிற அளவு போதும். போனில் எழுதினால் வாட்ஸாப் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சென்ற ஆண்டின் திருமணப் பதிவேடும் அடக்கப் பதிவேடும். ஓய்வுக்குக் கிழமை தேர்ந்தெடுக்கும்போது தேவைப்படும்.

மூன்று மாத காலம். இதை எப்போது தொடங்குகிறோம் என்பது முக்கியம். லெந்து என்ற தவக்காலத்தில் முடியாது. மே மாதம் பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) இருக்கும். அக்டோபர் பிறந்தால் அறுப்பின் பண்டிகை, அப்புறம் வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனி, கிறிஸ்மஸ், வருட இறுதி ஆராதனை என்று ஜனவரி வரை மூச்சுவிட நேரமில்லை. ஜூன் நடுவில், பள்ளி திறந்த பரபரப்பு அடங்கியதும் தொடங்குவதே நம் பக்கத்துக்குத் தோது. மாற்றல் வரப்போகிறது என்று தெரிந்தால் முதல் நான்கு படிகளை மட்டும் இங்கே செய்யுங்கள், மீதியைப் புதிய சேகரத்துக்கு (போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதிக்கு) வைத்துக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், அது முடிந்தபோது உள்ளம் ஏறியதா இறங்கியதா. இந்த மூன்று மட்டும். என் பழைய நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறது:

காலை 5.10 போன், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்காக ஜெபிக்கச் சொல்லி. 8.00 ஆலயக் கரண்ட் மீட்டர் விஷயம், இரண்டு மணி நேரம், இறங்கியது. 11.00 கல்யாணப் பேச்சில் தகராறு, இரு வீட்டாரும் குருமனையில், இறங்கியது. 4.00 படுக்கையில் கிடக்கும் தாத்தா, பழைய கீர்த்தனை ஒன்றைக் கூடவே பாடினார், ஏறியது. 6.00 சுற்றுச்சுவர்க் கொத்தனார். 7.30 வீட்டு ஜெபம். 9.40 வாலிபர் சங்கச் செயலர், போனில் 50 நிமிடம், இறங்கியது.

எதையும் மாற்றக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சோர்ந்திருக்கும்போது, பாரம் எங்கிருந்து வருகிறது என்று நாம் நினைப்பது பெரும்பாலும் தப்பாக இருக்கும். எனக்கு அடக்க ஆராதனைகள்தான் பாரம் என்று நினைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தபோது இரண்டு வாரத்தில் சுற்றுச்சுவருக்கு 19 மணி நேரம், பிரசங்க ஆயத்தத்துக்கு 5 மணி நேரம். படுக்கையில் இருப்பவர்களைச் சந்தித்ததெல்லாம் "ஏறியது" என்றே இருந்தது. எழுதியிராவிட்டால் நான் குறைத்திருக்கக்கூடியது அந்தச் சந்திப்புகளைத்தான்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறுகள்: போனையும் வாட்ஸாப்பையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று "ஆசீர்வாதமான நாள்" என்று எழுதிவைப்பது, நோட்டை ஆலய அலமாரியில் மறந்துவிட்டு வருவது. ஆட்களின் பெயரை முழுதாக எழுதாதீர்கள். ஓர் எழுத்து போதும்.

2. உடம்பையும் மனதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் அவரோடு வாதம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் அவர் கேட்ட கர்த்தரின் மெல்லிய சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பகுதியை நான் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன், அதன் வரிசையைக் கவனித்ததில்லை.

முதலில் பொது மருத்துவரிடம் போங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இரத்தம் குறைந்தாலும் அசதி, மந்தம், எதிலும் பிடிப்பின்மை வரும். அதை ஆவிக்குரிய வறட்சி என்று எண்ணி மாதக்கணக்கில் உபவாசம் இருந்தவரை எனக்குத் தெரியும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்தது மனம். இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பணிச்சோர்வு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை, வேலையோடு சேர்ந்து வருகிற நிலை என்றே சொல்கிறது. அடையாளங்கள் மூன்று: சக்தி முழுதும் தீர்ந்துபோன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு, செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு இருந்தது இரண்டாவது. ஆட்களைப் பார்த்தால் ஆட்களாகத் தெரியவில்லை, அடுத்த வேலையாகத் தெரிந்தார்கள்.

மனச்சோர்வு நோய் வேறு. நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் கனத்துக் கிடப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் மாறிப்போவது, வேண்டாத குற்ற உணர்வு. இது ஓய்வுநாள் எடுத்தால் சரியாகிவிடாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை தந்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. "அங்கே நம்ம சபைப் பிள்ளைகள் நர்ஸா இருக்காங்களே, பார்த்துட்டா?" என்று கேட்காத போதகர் இல்லை. நம் மாவட்டத்தில் நர்ஸ் இல்லாத சபை ஏது? நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. அப்படியும் மனம் ஒப்பவில்லையா, சரி, திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறுங்கள். அந்தத் தயக்கத்தின் பேரில் போகாமலே இருந்துவிடாதீர்கள்.

சாவு எண்ணம் வருகிறவர் 14416-ஐ அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசு சேவை, கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லிவிடுங்கள், தனியாக இருக்காதீர்கள். இந்த எண்ணம் விசுவாசக் குறைவின் அடையாளம் என்று யாராவது சொன்னால் எலியாவைக் காட்டுங்கள்.

இந்தப் படியை ஏன் இவ்வளவு முன்னால் வைத்தேன் என்றால், நோய் இருக்கும்போது எடுக்கிற முடிவுகள் நோயின் முடிவுகளாக இருக்கும். ஊழியத்தை விட்டுவிடுகிறேன் என்று கடிதம் எழுதிவைத்த ஒருவர், தைராய்டு மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் அதைத் தானே கிழித்துப் போட்டார்.

3. வீட்டில் கேளுங்கள்

கவனியுங்கள், "சொல்லுங்கள்" என்று நான் எழுதவில்லை. நோட்டோடு துணைவியின் முன் உட்கார்ந்து, "இந்த வீட்டில் உனக்கு எது பாரமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வந்ததும் விளக்கம் கொடுக்கத் தொடங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நமக்குப் பேசிப் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

நான் கேட்டபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நீங்க வீட்டுக்கு வந்த பிறகும் சபையிலதான் இருக்கீங்க. கேட் சத்தம் கேட்டா பிள்ளைங்க புத்தகத்த மூடிட்டு உள்ள போயிருதுங்க. அது உங்களுக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. குருமனைக் கேட்டின் கொண்டி விழுகிற சத்தம் என் பிள்ளைகளுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்த இரவில்தான் அறிந்தேன்.

போதகரின் மனைவிக்குச் சம்பளமில்லாத முழுநேர வேலை ஒன்று இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கம், வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி, யார் வீட்டுக்குப் போனோம் யார் வீட்டுக்குப் போகவில்லை என்ற கணக்கு. அவருக்கும் ஓய்வுநாள் வேண்டும் என்பதை இந்தப் படியிலேயே முடிவு செய்யுங்கள். பெண் போதகர்களுக்கு இது இன்னும் கடினம். சபை வேலையும் வீட்டு வேலையும் ஒரே ஆள்மேல் விழும். வீட்டுவேலைப் பங்கீடுதான் அவர்களுக்கு முதலில் பேச வேண்டிய காரியம். குடும்பமில்லாத அருட்தந்தையர் உடன்பிறந்தவரிடமோ உடன் தங்கியிருக்கும் குருவிடமோ இதையே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை: துணைவியையே ஆலோசகராக ஆக்கிவிடாதீர்கள். சபையில் நடக்கும் ஒவ்வொரு சண்டையும் இரவில் அவர் தலையில் இறங்கினால், ஞாயிற்றுக்கிழமை அதே ஆட்களைப் பார்த்து அவர் எப்படிச் சிரிப்பார்? அதற்காகத்தான் அடுத்த படி.

4. சபைக்கு வெளியே ஒருவர், பிறகு நாலு பேர்

உங்களை இடமாற்றவோ சம்பளம் நிறுத்தவோ அதிகாரமில்லாத ஒருவர் வேண்டும். கமிட்டி அங்கத்தினர் ஆகாது, மேலதிகாரி ஆகாது, சொந்தக்காரரும் வேண்டாம். நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நாலு கிலோமீட்டருக்குள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கம் என்று எல்லா ஆலயமும் உண்டு. வேறு சபைக்காரரைத் தேர்ந்தெடுத்தால் அவர் உங்கள் சபை அரசியலில் பக்கம் சாய மாட்டார். ஓய்வு பெற்ற போதகராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒருவரோடு மூன்று மாதம் பழகிய பின் மூன்று, நான்கு பேராக ஆகுங்கள். ஐந்துக்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும், ஒருவர் பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிடுவார். மாதம் ஒரு காலை, இரண்டரை மணி நேரம். நாங்கள் சொத்தவிளைக் கடற்கரையில் மணலிலேயே உட்கார்ந்தோம். காலை ஆறரைக்கு அங்கே நடக்க வருகிறவர்களைத் தவிர ஆள் இருக்காது. யாருடைய குருமனையிலும் கூடாததற்குக் காரணம், அங்கே கேட் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

முறை எளிது. ஆளுக்கு அரை மணி நேரம். முதல் கேள்வி "எப்படித் தூங்குகிறீர்?" ஆத்தும எண்ணிக்கை, காணிக்கை, கட்டட வேலை பற்றிப் பேசக் கூடாது. கேட்காமல் புத்தி சொல்லக் கூடாது. பேசியது அங்கேயே தங்க வேண்டும். யாராவது உயிருக்கு ஆபத்து என்றாலோ குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தாலோ மட்டும் இரகசியம் பொருந்தாது. பின்னதைப் போலீசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2012 போக்சோ சட்டம் எல்லாரையும் கட்டாயப்படுத்துகிறது, போதகரும் அதில் அடக்கம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லலாம். இதை முதல் கூட்டத்திலேயே பேசிவைத்துவிடுங்கள்.

சபைக் கமிட்டிக்குப் போகுமுன் அந்த ஒருவரின் ஆதரவாவது இருந்தாக வேண்டும். கமிட்டியில் யாராவது ஒருவர், "வாரத்துல ஒரு நாள் பிரசங்கம், அதுக்கு ஒரு நாள் லீவா?" என்று கேட்கத்தான் செய்வார். தனியாக இருக்கிற மனிதன் அந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோவான், அல்லது கோபத்தில் வார்த்தையை விட்டுவிடுவான். இரண்டுமே திரும்ப எடுக்க முடியாதது.

5. வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

இப்போது நோட்டை எடுத்து எல்லா வேலைகளையும் மூன்று பங்காக்குங்கள்: நான் மட்டுமே செய்ய வேண்டியவை, பழக்கினால் மற்றவர் செய்யக்கூடியவை, யாருமே செய்ய வேண்டாதவை. திருவிருந்து, ஞானஸ்நானம், திருமணம் என்று சபை ஒழுங்கு உங்களுக்கே கொடுத்திருப்பவை முதல் பங்கு. அந்தப் பட்டியல் நீங்கள் பயப்படுவதைவிடச் சிறியதாக இருக்கும். மூன்றாம் பங்கில் ஒன்றாவது கண்டிப்பாகத் தேறும். எனக்கு அது இரவு பத்து மணிக்கு வாட்ஸாப் குழுவில் வசனப் படம் போடுவது.

முதலில் கைமாற்ற வேண்டியது கட்டட வேலை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆலயம் கட்டுவது, சுவர், பெயிண்ட், ஒலிபெருக்கி, இவை போல் போதகரை உறிஞ்சுவது வேறு கிடையாது. பணமும் கலந்திருப்பதால் சந்தேகமும் சேர்ந்து வரும். சபையில் எஞ்சினியரும் காண்டிராக்டரும் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த மேஸ்திரியும் இருப்பார்கள். மூன்று பேரை நியமித்து, மாதம் ஒருமுறை கணக்கு மட்டும் கமிட்டிக்கு வரச் செய்யுங்கள்.

சந்திப்பு ஊழியத்தைக் கைமாற்ற நேரம் எடுக்கும். "இனி நீங்க போங்க" என்று சொல்லி அனுப்பினால், போன வீட்டில் "ஐயா வரலியா?" என்று கேட்பார்கள், போனவர் மறுபடி போக மாட்டார். அதனால் மூன்று தடவை முறையைப் பிடியுங்கள். முதல் தடவை அவர் உங்களோடு வருகிறார், பார்க்கிறார். இரண்டாம் தடவை அவர் ஜெபிக்கிறார், நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்த வீட்டிலேயே, "அடுத்த வாரம் இவர் வருவார்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். மூன்றாம் தடவை அவர் மட்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறந்தவர்களுக்கே இது தோற்றுப்போகிறது.

வேலையைப் பங்கிடும்படி மோசேயிடம் அவர் மாமன் எத்திரோ சொன்னதை ஒரு கூட்டத்தில் ஒருவர் எடுத்துப் பேசினார், நான் கேட்டேன்: மோசே தொய்ந்துபோவது மட்டுமா அங்கே பேச்சு? காலையிலிருந்து சாயங்காலம் வரை காத்து நின்ற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றுதானே மாமன் சொன்னார். பங்கிடாதிருப்பதால் சபைக்கும் நஷ்டம்.

வாடகை மண்டபத்தில் தனிச் சபை நடத்துகிறவர்களுக்குக் கமிட்டி இருக்காது, போதகருக்கு உதவுகிற உபதேசியார் இருக்க மாட்டார். நீங்கள் இரண்டு குடும்பத்தோடு தொடங்குங்கள். ஒன்றிடம் பணக் கணக்கு, ஒன்றிடம் சந்திப்பு. கணக்கை முதலில் கொடுங்கள். காணிக்கையும் வீட்டுச் செலவும் ஒரே பையில் இருக்கும் வரை இரவுத் தூக்கம் வராது.

6. கமிட்டியில் பேசுங்கள்

பீடத்திலிருந்து அறிவிக்காதீர்கள். அறிவிப்பு கேட்பவர்களை இரண்டாகப் பிரிக்கும், பேச யாருக்கும் வாய்ப்பிருக்காது, அப்புறம் பேச்சு தேநீர்க் கடையில் நடக்கும்.

முதலில் செயலரையும், எப்போதும் எதிர்க்கேள்வி கேட்கிற ஒருவரையும் தனித்தனியாக வீட்டில் போய்ப் பாருங்கள். இரண்டாமவரைப் பார்க்க மனம் வராது. பார்த்தே ஆக வேண்டும். நான் போய்ப் பார்த்தவர் அருமனைப் பக்கத்தில் ஓர் ஏக்கர் ரப்பர் வைத்திருந்த பெரியவர். இரண்டு வாரக் கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கமிட்டியில் மற்றொருவர் முகம் சுளித்தபோது அவரே வாய் திறந்தார்: "மரத்துக்கே ஒண்ணுவிட்ட நாளு வெட்டுகோம். இலை உதிரும்போ வெட்டாமலே போடுகோம். தினமும் கத்தி வச்சா பட்டை காஞ்சு போவும், பிறகு மரம் நிக்கும், பால் இருக்காது. ஐயாவுக்கு ஒரு நாள் குடுக்கியதுக்கு என்ன யோசனை?" அதன்பின் யாரும் பேசவில்லை.

கமிட்டிக்கு ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். அதில் மூன்று விஷயம். எந்தக் கிழமை. அன்று யார் பொறுப்பு. எதற்கு மட்டும் அழைக்கலாம். கடைசிப் பகுதியைத் தெளிவாக எழுதுங்கள்: மரணம், உயிருக்குப் போராடும் நிலை, விபத்து, போலீஸ் காரியம். வீடு பிரதிஷ்டை, பிறந்தநாள் ஜெபம், சான்றிதழ் கையெழுத்து இவற்றுக்கு அடுத்த நாள்.

கிழமையைத் தேர்ந்தெடுக்கப் பதிவேடுகளைப் பாருங்கள். உங்கள் சேகரத்தில் கல்யாணங்கள் எந்தக் கிழமைகளில் குவிந்திருக்கின்றன என்று எண்ணி, அந்தக் கிழமையைத் தவிருங்கள். திங்கட்கிழமை நல்லது என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஞாயிறு ஆராதனையின் படபடப்பு திங்கள் மத்தியானம் வரை உடம்பில் இருக்கும், ஞாயிறு நடந்ததைப் பேச ஆட்களும் வருவார்கள். வெள்ளிக்கு முன்னால் ஒரு நாள், செவ்வாயோ வியாழனோ, எனக்குப் பொருந்தியது.

ஒப்புக்கொண்டதும் அதைச் சபைக்கு அறிவிக்க வேண்டியவர் செயலர். போதகர் சொன்னால் அது விண்ணப்பம் போல இருக்கும். கமிட்டி சொன்னால் சபையின் ஏற்பாடு.

7. அந்த நாளை நடத்துவது

முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே தொடங்குங்கள். ஆறு மணிக்குப் போன் உபதேசியாரிடமோ செயலரிடமோ போகட்டும். உங்களிடம் அவருக்கு மட்டும் தெரிந்த வேறொரு நம்பர் இருக்கட்டும். போனை அணைத்துவைப்பது மட்டும் போதாது. அணைத்துவைத்தால் யாரோ செத்துக்கொண்டிருக்கிறார்களோ என்ற கவலையிலேயே நாள் போகும். ஒருவர் கையில் இருந்தால் அந்தக் கவலை இறங்கும்.

காலையில் குருமனையை விட்டு வெளியேறிவிடுங்கள். வீட்டில் இருந்தால் "ஒரு நிமிஷம் ஐயா" வரும். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒரு நடை, பேச்சிப்பாறைப் பக்கம் சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் மாமியார் வீட்டுத் திண்ணை, எதுவானாலும் சரி. செலவில்லாததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டாம் மாதம் நின்றுவிடும்.

பிரசங்கப் புத்தகம் வேண்டாம். பாங்க் வேலை, கேஸ் புக்கிங், பிள்ளைகளின் பள்ளி வேலை ஆகியவற்றை இந்த நாளில் திணிக்காதீர்கள். அவற்றுக்கு வேறு அரை நாள் ஒதுக்குங்கள். கையால் செய்கிற வேலை ஏதாவது இருந்தால் நல்லது. நான் வாழைக்கன்று நட்டேன். ஒரு நண்பர் தூண்டில் போடுவார்.

முதல் நான்கு வாரம் நன்றாக இராது, இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கை பரபரக்கும், குற்ற உணர்வு வரும், சிலருக்கு அழுகை வரும். ஓடிக்கொண்டே இருந்தபோது தெரியாதது நின்றதும் தெரிகிறது, அவ்வளவுதான். ஐந்தாம், ஆறாம் வாரத்தில் தணியும். தணியவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

மரணம் வந்து நாள் போய்விட்டால் அதே வாரத்தில் வேறு ஒரு நாளை எடுத்துவிடுங்கள். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று விட்டவர்களுக்கு இரண்டு வாரத்தில் பழக்கமே போய்விடுகிறது.

8. கனத்த துக்கத்துக்குப் பின்

சாதாரண வாரத்துக்கு இதுவரை சொன்னது போதும். தற்கொலை, விபத்து, சின்னப் பிள்ளையின் சாவு, கடலில் காணாமல்போதல் இவற்றுக்குப் போதாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, உடல்கூடக் கிடைக்காத வீடுகளுக்கு முன்னால் கடற்கரை ஊர்களின் குருக்கள் நாள்கணக்கில் நின்றார்கள். அப்படி நின்றவர் எல்லார் மனதிலும் அது தானாகக் கரைந்துவிடாது.

அப்படி ஒரு அடக்கம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் நாலாம் படியில் சொன்ன ஆளை அழைத்து, நடந்ததை ஆரம்பம் முதல் சொல்லுங்கள்: என்ன பார்த்தேன், என்ன வாசனை, தாய் என்ன சொன்னாள். வேதாந்தம் வேண்டாம். அன்று மாலை வேறு கூட்டம் வைக்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு, படுங்கள். இரண்டு, மூன்று வாரமாகியும் அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வந்தால், அதற்காகவே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

9. மூன்று மாதம் கழித்து

மறுபடியும் ஒரு வாரம் நோட்டு எழுதுங்கள். பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஏறியது" எத்தனை, தூக்கம் எத்தனை மணி, பிரசங்க ஆயத்தம் எத்தனை மணி. வருகை எண்ணிக்கையையோ காணிக்கையையோ இதோடு சேர்க்காதீர்கள். அவை மழைக்கும் பண்டிகைக்கும் ஏறும், இறங்கும். துணைவியிடம் பழைய கேள்வியையே கேளுங்கள். அந்தப் பதிலுக்கு நோட்டைவிட மதிப்பு அதிகம்.

கமிட்டிக்கு இரண்டு நிமிட அறிக்கை கொடுங்கள்: என்ன சரியாக நடந்தது, யார் வீட்டில் வருத்தம் வந்தது, எதைத் திருத்த வேண்டும். கொடுக்காவிட்டால் புதிய கமிட்டி வந்ததும் ஏற்பாடு மறந்துபோகும். வருடாந்தர விடுப்பையும் இதே கூட்டத்தில் தேதி போட்டு எழுதிவிடுங்கள், இரண்டு வாரம் தொடர்ச்சியாக.

மாற்றல் வந்தால் நோட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். புதிய இடத்தில் முதல் மாதம் கேட்கிற எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிவிடுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். அந்த மாதம் போடுகிற தடத்தில்தான் அடுத்த மூன்று, நான்கு ஆண்டும் ஓடும். ஆகவே முதல் கமிட்டியிலேயே அந்த ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். பெட்டியெல்லாம் பிரித்து முடிக்குமுன், குருமனைக் கேட்டின் கொண்டிக்கு ஒரு துண்டு ரப்பர் சுற்றிக் கட்டுங்கள். சத்தம் வராது.